குடைத்திட்டு

வள்ளித்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை அவள் புருஷன் சங்கிலிமுத்துவே ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொள்ளாமல் அந்த வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. பதினெட்டுப் பெண்களும் ஏழு ஆண்களும் கொண்ட மண்வேலைச் செட்டுக்கு அவள்தான் தலைவி. மல்லாங்கிணற்றிலிருந்து நெடுங்குளத்துக்கு அரசாங்கம் போட்டுக்கொண்டிருந்த புது ரோட்டுக்கு மண் வெட்டிப் போட்டது அந்தச் செட்டுதான். ஓவர்சியர் வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்தடியை விட்டு நகராத நாளிலும் வேலை ஒரு சாண் கோணாமல் நடந்தது என்றால், அதற்குக் காரணம் அந்த நீள வாய்.

அப்பேர்ப்பட்ட வாய், 1959-ம் வருஷம் சித்திரை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியிருந்தபோது மூடிக்கொண்டது. அதை நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். பிளாக் ஆபீஸில் சமூகக் கல்வி அமைப்பாளர் என்ற உத்தியோகத்துக்கு ஞானபூரணி என்று ஒரு அம்மாள் வந்திருந்தார். சாத்தூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் ஊர் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டது. ‘நம் ஊர் அறிவோம்’ என்று ஒரு திட்டம் அவர் கையில் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஊர் ஜனம் எல்லாம் ஓரிடத்தில் கூட வேண்டும். ஊர் எப்படி உண்டானது, யார் எங்கிருந்து வந்தார்கள், பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், யார் யாரை எங்கே நிறுத்தி வைத்தார்கள் என்று வாய்விட்டுப் பேச வேண்டும். பேசியதை எழுதி, சிவகாசியில் அச்சுப்போட்டு, ஆடி மாதம் விருதுநகரில் நடக்கிற கண்காட்சியில் புத்தகமாக வெளியிடுவார்கள். பன்னிரண்டு ஊருக்குப் பன்னிரண்டு புத்தகம்.

முதல் ஞாயிறு முழுக்க யார் எங்கே உட்காருவது என்பதிலேயே போய்விட்டது. மேலத்தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் வழக்கம்போல வெளியே வாதாமரத்தடியில் நின்றார்கள். டீச்சர் நோட்டைத் திறக்கவே இல்லை. “எல்லாரும் உள்ள வரட்டும், எழுதலாம்” என்று சொல்லிவிட்டு, ஜமுக்காளத்தின் கடைசியில் வாசலை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழிந்தது. கீழத்தெரு ஒவ்வொருவராக உள்ளே வந்தது. மேலத்தெருவில் நாலு பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்கள் போனதில் மற்றவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெரிய வீட்டு லட்சுமிகாந்தம் எழுந்து வாசித்தார். பஞ்சாயத்துத் தலைவர். கெட்ட மனுஷர் இல்லை. விவசாயம் தெரிந்தவர், ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே எந்தப் புஞ்சையில் எடுத்தது என்று சொல்லிவிடுவார். தன் வீட்டுப் பெருமை என்று வந்தால் மட்டும் பார்வை கொஞ்சம் மங்கிவிடும். அந்த வியாதி இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

நீலமசியில் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். எண்பது வருஷத்துக்கு முந்திய தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய பூட்டனார் கஞ்சித்தொட்டி வைத்து ஊரைக் காப்பாற்றினாராம். மழை வந்தால் தண்ணீர் தங்க வேண்டும் என்று குளம் வெட்டத் தொடங்கினாராம். முதல் ஏழு கூடை மண்ணைத் தாமே தலையில் சுமந்து குவித்து, குளத்தின் நடுவில் திட்டு எழுப்பி, அதில் குடையை நாட்டி, அந்த நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்தாராம். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து குளத்தை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். கடைசியில் ஒரு வரி இருந்தது. அதையும் அவர் மற்ற வரிகளைப் போலத்தான் வாசித்தார்.

“கீழத்தெருவார் குளம் நிரம்பிய பிற்பாடு கூலி வேலைக்காக வந்து குடியேறியவர்கள்.”

வள்ளித்தாய் சங்கிலிமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். சங்கிலிமுத்துவின் தாத்தா குளம் வெட்டுகிற குழிக்குள்ளேயே பிறந்தவர். அதனால்தான் அவருக்குக் குளத்தான் என்று பேர். கீழத்தெருவில் தொட்டில் பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த கதை அது. குளத்தை வெட்டியது நாம்தான் என்பதை அங்கே யாரும் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. வெயில் சுடும் என்பதுபோல அது ஒரு சாதாரண விஷயம். இப்போது அரசாங்கம் போடுகிற புத்தகம், நீங்கள் பிறகு வந்தவர்கள் என்று சொல்லப் போகிறது.

“வேற யாராவது சொல்றதுக்கு இருக்கா?” என்று டீச்சர் கேட்டார்.

வள்ளித்தாய் எழப் போனாள். சங்கிலிமுத்து அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். ரோட்டு வேலையை எந்தச் செட்டுக்குக் கொடுப்பது என்று சொல்கிற வாய் லட்சுமிகாந்தத்தினுடையது. இருபத்தைந்து வீட்டு அடுப்பு அந்த வேலையில் எரிந்தது. வள்ளித்தாய் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் நோட்டை மூடினார்.

புதன்கிழமை டீச்சர் ரோட்டு வேலை நடக்கிற இடத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை; பஸ்ஸை விட்டுவிட்டு மல்லாங்கிணற்றுக்கு நடந்து போகிற வழியில் பெண்கள் வேலை செய்வதைப் பார்த்து நின்றார். ரோட்டோரத்தில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் நடுவில் ஒரு மண் திட்டு மட்டும் வெட்டாமல், தலையில் காய்ந்த புல்லோடு நின்றது.

“இது எதுக்கு நடுவுல விட்டு வச்சிருக்கீங்க? வெட்ட மறந்துட்டீங்களா?”

செட்டில் இருந்த பத்திரகாளி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். வள்ளித்தாய்தான் பதில் சொன்னாள்.

“அளவுத் திட்டு டீச்சர். சுத்தி வெட்டிருவோம், இத மட்டும் தொடமாட்டோம். இதுக்குத் தலையில பளைய தர அப்படியே இருக்கும். ஓவர்சியர் வந்து இது உசரத்த அளந்தா எம்புட்டு ஆளம் வெட்டிருக்கோம்னு தெரிஞ்சிரும். அளந்த பெறகு இதையும் வெட்டித் தட்டிருவோம்.”

“மேல நாலு கூடை மண்ணைப் போட்டு உசரத்தைக் கூட்டிட்டா?”

“பாத்தீகளா, டீச்சருக்குத் திருட்டு யோசன எம்புட்டுச் சுளுவா வருதுன்னு” என்றாள் பத்திரகாளி. டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

“அதுக்குத்தான் கல்லு” என்றாள் வள்ளித்தாய். “மொதக் கூட மண்ணு எடுக்கதுக்கு முன்னாலேயே, ஓவர்சியர் பாக்க, திட்டு மேல ஒரு கல்லப் பதிச்சிருவோம். தரைமட்டத்துக்கு. அதுக்கு மேல மண்ணு ஏறுனா தெரிஞ்சிரும்ல. எந்தச் செட்டு வெட்டுனதுன்னு தெரியணும்னு கல்லுல குறி கீறி வச்சிருப்போம்.”

டீச்சர் குழிக்குள் இறங்கி, எக்கி அந்தக் கல்லைப் பார்த்தார். கீழே வளைவாக ஒரு கோடு. அதன் நடுவிலிருந்து மேலே நேராக ஒரு கோடு. அவ்வளவுதான்.

“மம்பட்டி” என்றாள் வள்ளித்தாய். “தகடு கீள, காம்பு மேல. எங்க மாமனார் காலத்துலயும் இதே குறிதான். அவுக அப்பா குளத்தான் காலத்துலயும் இதே குறிதான்.”

டீச்சர் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “குளத்துக்கு நடுவுல இருக்கிற குடைத்திட்டு மேல நீங்க ஏறிப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

குடைத்திட்டில் கீழத்தெரு ஏறக் கூடாது. அதன் உச்சியில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது, அதில் குடை பொறித்திருக்கிறது என்று கேள்விதான். வருஷா வருஷம் குளம் வற்றியதும் பெரிய வீட்டுக்காரர்கள் போய் அந்தக் கல்லுக்கு எண்ணெய் விட்டு, குங்குமம் வைத்து, விளக்கேற்றுவார்கள். கீழத்தெரு ஆடு அதில் ஏறினால்கூட ஆட்டுக்குச் சொந்தக்காரன் பெரிய வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

“எங்கள எவுக ஏறவிட்டாக? கரையில நின்னு பாத்ததுதான். ஆனா ஒண்ணு சொல்லுதேன் டீச்சர். அது குவிச்ச மண்ணு இல்ல. குவிச்ச மண்ணு எம்பது வருசம் தண்ணிக்குள்ள அப்படி நிக்காது. அது விட்ட மண்ணு.”

“இதைப் போன ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே?”

“கேட்டீக. மேலத்தெருவப் பாத்துக்கிட்டுக் கேட்டீக.”

டீச்சர் முகம் சிறுத்துவிட்டது. வாசலை ஒட்டி உட்காரத் தெரிந்தவருக்கு, கேள்வி கேட்கும்போது கண் எங்கே போனது என்று தெரியாமல் போயிருந்தது. “தப்புதான்” என்றார். “நான் வேணும்னா இதை எடுத்துச் சொல்றேன்.”

“வேண்டாம். நீங்க சொன்னா டீச்சர் சொன்ன கதையாப் போகும். நானே சொல்லுதேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் வேலை ஓடவில்லை. அடுப்பில் உலை கொதித்தது, அரிசி போட மறந்து உட்கார்ந்திருந்தாள். சங்கிலிமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பீடியைப் பற்ற வைக்காமலே உருட்டிக்கொண்டிருந்தான்.

“ஏ புள்ள, ஒரு வரிதானே. நம்ம தெருவுல எத்தன பேருக்கு வாசிக்கத் தெரியும்? யார் பாக்கப் போறாக? வேல போச்சுன்னா இருவத்தஞ்சு வீடும் நம்ம வாசல்ல வந்து நிக்கும்.”

“இப்ப வாசிக்கத் தெரியாது. நாளைக்கு நம்ம புள்ளைக வாசிக்கும்ல? ரோட்டு வேல மூணு மாசத்துல முடிஞ்சிரும். புஸ்தகம் முடியாது. அது இருந்துக்கிட்டே இருக்கும். நாம பெறகு வந்தவுகன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்.”

அவன் இன்னும் பீடியை உருட்டினான்.

“உங்க தாத்தா பேரு என்ன?” என்று கேட்டாள்.

“குளத்தான்.”

“குளம் நெரம்புன பெறகு வந்தவுகளுக்கு, குளத்துக்குள்ள புள்ள எப்படிப் பெறந்துச்சு?”

சங்கிலிமுத்து பீடியைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து வந்து, தகட்டைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான். அதற்கப்புறம்தான் வள்ளித்தாய்க்கு அரிசி ஞாபகம் வந்தது.

மூன்றாவது ஞாயிறு காலையில் ஊர் முழுக்கக் குளத்துக்கு நடந்தது. பேச்சு முடிந்து இடங்களைக் கண்ணால் பார்ப்பதற்காக வைத்திருந்த நாள். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் குடைத்திட்டு, ஒன்றரை ஆள் உயரத்தில், ஒரு மாட்டுவண்டி நிற்கிற அகலத்தில் இருந்தது. மேற்குப் பக்கம் பெரிய வீட்டுக்காரர்கள் கட்டிய கல் படிகள் ஐந்தாறு. கீழத்தெருக்காரர்கள் கிழக்குக் கரை வழியாக இறங்கி, அந்தப் பக்கத்திலேயே தள்ளி நின்றார்கள்.

லட்சுமிகாந்தம் குடைத்திட்டின் கதையை இன்னொரு தரம் சொல்லி முடித்தார். டீச்சர் இந்தத் தடவை கீழத்தெருவின் பக்கம் நன்றாகத் திரும்பி நின்று, “வேற யாராவது?” என்று கேட்டார்.

வள்ளித்தாய் முன்னால் வந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். தோளில் மண்வெட்டி.

“அய்யா, கரையக் கொஞ்சம் சொரண்டிக்கிடட்டா?”

லட்சுமிகாந்தத்துக்கு எதற்கென்று புரியவில்லை. “சொரண்டேன், அதுக்கென்ன” என்றார்.

அவள் கிழக்குக் கரையின் சரிவில் மேலிருந்து கீழாக ஒரு முழ அகலத்துக்கு வெட்டி இழுத்தாள். மழையில் கரைந்த மேல்தோல் போனதும் உள்மண் தெரிந்தது. உச்சியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். அதற்குக் கீழே மஞ்சள் சரளை. அடியில் கரிசல்.

“நம்ம ஊர்த் தரை எப்படிய்யா? மேல என்ன, கீள என்ன?”

“இது ஒரு கேள்வியா? மேல முழங்கால் ஆழத்துக்குக் கரிசல். அப்புறம் சரளை. அதுக்கும் அடியில சுக்கான்.”

“கரையில தலைகீளா இருக்கே.”

“இருக்கத்தானே செய்யும். மொதல்ல வெட்டுற கரிசல் அடியில போய் விழும். கடைசியா வெட்டுற சுக்கான் அதுக்கு மேல விழும். வெட்டிப் போட்ட மண்ணு எங்கயும் தலைகீழாத்தான் கிடக்கும்.” மண்ணைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

“அப்ப, மொத ஏளு கூட மண்ணு என்ன மண்ணா இருக்கும்?”

“கரிசல்தான்” என்றார் லட்சுமிகாந்தம். சொன்ன பிறகுதான் அவள் எங்கே கொண்டுபோகிறாள் என்று பார்த்தார்.

வள்ளித்தாய் குடைத்திட்டுக்கு நடந்தாள். ஏறவில்லை. கிழக்குப் பக்கத்துச் சரிவில், அடியிலே நின்றபடியே, மண்வெட்டி எட்டுகிற உயரத்திலிருந்து கால்மட்டம் வரைக்கும் ஒரே சீராக வெட்டி இழுத்தாள். மேலே கரிசல், நடுவே சரளை, அடியில் சுக்கான். ஊர்த் தரை எப்படியோ அப்படி, கலங்காமல், வரிசை பிசகாமல் இருந்தது.

“இத யாரும் சொமந்து குவிக்கலய்யா” என்றாள். “இது தொடாம விட்ட மண்ணு. சுத்தி இருந்த அம்புட்டையும் தலையில சொமந்து கரையில போட்டுட்டு, எம்புட்டு ஆளம் வெட்டிருக்கோம்னு காட்ட இத மட்டும் விட்டு வச்சிருக்காக. இது உசரம் எம்புட்டோ அம்புட்டு வேல நடந்திருக்கு இங்கன.”

லட்சுமிகாந்தம் குனிந்து மூன்று அடுக்கிலும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்தார். விரலால் நசுக்கினார். அவர் எதை வேண்டுமானாலும் மறுப்பார். மண்ணை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை.

மேலத்தெருக் கூட்டத்திலிருந்து ஒருவர், “சரி, விட்டதாவே இருக்கட்டும். விட்டது வெளியூர் ஆளுதானே?” என்றார்.

“மேல ஏறிப் பாத்தாத் தெரியும்” என்றாள் வள்ளித்தாய்.

இருநூறு பேர் இருந்த இடத்தில் ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது. சங்கிலிமுத்து கண்ணைக் கீழே போட்டுக்கொண்டான். டீச்சர், “இது ஊர்க் கூட்டம். திட்டும் ஊர்த் திட்டு” என்றார். லட்சுமிகாந்தம் ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளித்தாய் படிப் பக்கம் போகவில்லை. அவர்கள் கட்டிய படி அவர்களுக்கே இருக்கட்டும் என்று, நின்ற கிழக்குப் பக்கத்திலேயே மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கைகால் ஊன்றி ஏறினாள். உச்சியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துப் போன ஒரு தட்டைக் கல் பதித்திருந்தது. மேலே குங்குமம் அப்பியிருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

அவள் காலுக்குப் பக்கத்தில் வளைவாக ஒரு கோடு. அதன் நடுவிலிருந்து அந்தப் பக்கமாக நேராக ஒரு கோடு. தகடு கீழே, காம்பு மேலே.

அதைப் பார்த்ததும் என்னென்னவோ பேச வேண்டும் என்று ஒரு வாரமாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. நாலு நாளைக்கு முன்னால் டீச்சருக்குக் காட்டிய ரோட்டோரத்துக் கல்லில் அவளே கீறிய கோடுகள் இவை. அதே வளைவு, அதே நீளம். கீறிய கை மட்டும் வேறு. எண்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் கஞ்சியைத் தவிர ஒன்றும் இல்லாத ஒரு கை. அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது, அவ்வளவு பெருமையை அவள் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

“என்ன, மம்பட்டியக் கொண்டாங்க” என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

சங்கிலிமுத்து ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அவனும் ஏறினான். அவன் கொண்டுவந்த மண்வெட்டியின் காம்பில் சூட்டுக்கோலால் போட்ட அதே செட்டுக் குறி இருந்தது. அதைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னாலேயே டீச்சர் ஏறி வந்து பார்த்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

லட்சுமிகாந்தம் படி வழியாக மேலே வந்தார். “இது குடை. மேல வளைவு, கீழ பிடி. எனக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து பாக்கேன்” என்றார்.

“படிப் பக்கம் நின்னா அப்படித்தான்யா தெரியும். குளம் வெட்டுனவுக இந்தப் பக்கம் நின்னு கீறிருக்காக. இங்கிட்டு வந்து பாருங்க.”

அவர் அங்கிருந்தே தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிடிபடவில்லை போலிருக்கிறது. கும்பிட்ட கல்லைத் தாண்ட மனமில்லாமல் படியிறங்கி, திட்டைச் சுற்றிக்கொண்டு, கிழக்குப் பக்கம் வந்தார். அங்கே படி கிடையாது. அவர் வயசுக்கு ஏற முடியவில்லை. சங்கிலிமுத்துவுக்குக் கை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாதி நீட்டிவிட்டு நிறுத்தினான். லட்சுமிகாந்தம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

கல்லைப் பார்த்தார். காம்பைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார்.

“நாப்பது வருஷமா நான் இதுக்கு எண்ணெய் விட்டிருக்கேன்” என்றார்.

“நல்லதாப் போச்சுய்யா. மம்பட்டி துருப்பிடிக்காம இருந்துச்சு.”

முதலில் சிரித்தது பத்திரகாளி. அப்புறம் டீச்சர். அப்புறம் மேலத்தெருவிலேயே சில பேர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார்கள். லட்சுமிகாந்தம் சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் படவில்லை. எதையோ யோசித்துவிட்டு, “அளந்த பிறகு திட்டை வெட்டித் தட்டிருவீங்களே. இதை ஏன் விட்டாக?” என்று கேட்டார். மண்வேலை தெரிந்த ஒருவர் இன்னொருவரிடம் கேட்கிற கேள்வி அது.

“அளக்கதுக்குள்ள மள வந்திருக்கும்யா. பஞ்சத்த முடிச்சு வச்ச மள. அதுல எவன் நின்னு அளப்பான்? அம்புட்டுப் பேரும் வெதைக்க ஓடியிருப்பாக. குளம் நெரம்பிருச்சு. திட்டு தண்ணிக்குள்ள போயிருச்சு.”

அவர் தலையை ஆட்டினார். “கஞ்சித்தொட்டி வச்சது நெசந்தானே?” என்றார். அந்தக் குரலில் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை.

“அது நெசந்தான்யா. உங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சுத்தான் வெட்டுனோம்.”

எண்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய வேலையை அவள் ‘வெட்டுனோம்’ என்றாள். அங்கே இருந்த யாருக்கும் அது தவறாகப் படவில்லை. லட்சுமிகாந்தம், தான் வாசித்ததை டீச்சர் எழுதி வைத்திருந்த நோட்டை வாங்கி, தன் கையாலேயே அந்தக் கடைசி வரியை அடித்தார். ஏழு கூடை, குடை, வெளியூர் ஆட்கள் எல்லாவற்றையும் அடித்தார். கஞ்சித்தொட்டியை விட்டுவைத்தார். மீதி இடத்தில், கீழத்தெரு ஒவ்வொரு வீடாகத் தன் பாட்டன் பூட்டன் பேரைச் சொல்லச் சொல்ல, டீச்சர் எழுதினார். முப்பத்தொரு பேர் வந்தது. குளத்தானைப் பெற்றவளின் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. ‘குளத்தானின் தாய்’ என்று எழுதச் சொன்னாள் வள்ளித்தாய்.

போகும்போது லட்சுமிகாந்தம் அவளிடம், “அடுத்த சித்திரைக்கு இங்கன விளக்கு ஏத்துறதா, வேண்டாமா?” என்று கேட்டார்.

“ஏத்துங்க. வேண்டாம்னு யார் சொன்னா? நாங்களும் வருவோம்” என்றாள்.

ரோட்டு வேலை போகவில்லை. அதைப் பிடுங்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி மாதம் விருதுநகரில் கண்காட்சி. பன்னிரண்டு ஊர்க்காரர்களும் பெரிய கொட்டகையில் கூடியிருந்தார்கள். நெடுங்குளத்திலிருந்து கீழத்தெருக்காரர்கள் இரண்டு மாட்டுவண்டியில் வந்திருந்தார்கள். மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் அந்தந்த ஊர்ப் பெரிய மனுஷர்கள். லட்சுமிகாந்தமும் அங்கேதான் இருந்தார். ஒவ்வொரு ஊர்ப் புத்தகத்தையும் அந்த ஊர்க்காரர் ஒருவர் மேடையேறி வாங்கிக்கொள்ள வேண்டும். நெடுங்குளம் என்று கூப்பிட்டதும், டீச்சர் கூப்பிட்ட பேர் வள்ளித்தாய்.

அவள் ஏறிப் புத்தகத்தை வாங்கினாள். புது மை வாசம் அடித்தது. எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் அட்டையின் நடுவில் அந்தக் குறி சிவப்பு மையில் பெரிதாக இருந்தது. அதை அச்சாபீஸுக்கு வரைந்து கொடுத்தது லட்சுமிகாந்தம்தான். தானே கேட்டு வாங்கிச் செய்தார். நல்ல மனசோடுதான் வரைந்தார். நாற்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகப் படிப் பக்கமிருந்தே வரைந்துவிட்டது. வளைவு மேலே இருந்தது. காம்பு கீழே இருந்தது.

வள்ளித்தாய் ஒரு கணம் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொட்டகையில் அங்கங்கே சிரிப்புக் கிளம்பியது. பின்வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், “ஏம்மா, புஸ்தகத்தத் தலைகீழாப் பிடிச்சிருக்கே. வாசிக்கத் தெரிஞ்சவுக யாராவது திருப்பிக் கொடுங்கப்பா” என்றார். சிரிப்பு பெரிதாயிற்று. டீச்சர் எழுந்து ஏதோ சொல்லப் போனார். வள்ளித்தாய் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள்.

“எளுத்துத்தான் தலைகீளா இருக்கு” என்றாள், கொட்டகையின் கடைசிக்கும் கேட்கிற குரலில். “மம்பட்டி நேராத்தான் இருக்கு.”

சிரித்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெடுங்குளத்துக்காரர்களுக்கு விளங்கியது. முதல் வரிசையில் லட்சுமிகாந்தம் தன் மடியில் இருந்த புத்தகத்தை எடுத்தார், அட்டையைப் பார்த்தார், மெல்லத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.